நன்றாக இருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய வேலை: எம்எஸ் நோயோடு வாழ ஒரு முழு வழிகாட்டி

எம்எஸ் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இதை எழுதுகிறேன். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்பது முழுப்பெயர், அரசாங்கத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய். எனக்கும் அதுதான். சர்க்கரை, பிரஷர் என்றால் மதுரையில் எந்தத் தெருவிலும் யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள், இதற்கு அப்படி ஆள் கிடைக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முக்கியமாக ஒன்று: கால் இழுக்கும்போதும் கண் மங்கும்போதும் ஆஸ்பத்திரிக்கு ஓட எல்லோருக்கும் தெரியும். இந்த நோயை நடத்துகிற வேலையில் பெரும்பகுதி உடம்பு நன்றாக இருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியது, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகிய இடங்களில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்கிற கொழுப்பு உறையை அரிக்கின்றன. எந்த இடத்தில் அரிக்கிறதோ அந்த இடத்து வேலை தடுமாறும். ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கால், இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே மரமரப்பு. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் ஆரம்பிக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நூற்றில் 85 பேருக்கு வந்து, தணிந்து, மறுபடி வருகிற வகையாகத்தான் தொடங்குகிறது. தணிந்திருக்கும் காலத்திலும் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

படி 1: நோயின் பெயர் சரிதானா என்று பார்த்துவிடுங்கள்

நம் ஊரில் பல பேருக்கு இது கண்ணில்தான் முதலில் தெரியும். ஒரு கண் சில நாட்களில் மங்கும், விழியை அசைத்தால் வலிக்கும், சிவப்பு நிறம் வெளுத்துத் தெரியும். மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம், அங்கே நரம்பு சம்பந்தப்பட்ட கண் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து எம்ஆர்ஐ எடுக்கவும் நரம்பியல் டாக்டரைப் பார்க்கவும் சொல்வார்கள். மரமரப்பிலோ கால் பலவீனத்திலோ ஆரம்பித்தவர்கள் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்கு நேராகப் போகலாம்.

எம்ஆர்ஐயில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதை மட்டும் வைத்து எம்எஸ் என்று முடிவு செய்யக்கூடாது. சேதம் நரம்பு மண்டலத்தில் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு காலத்திலும் நடந்திருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். அதற்கென்று 2001இல் மெக்டொனால்டு விதிகள் என ஒன்று வகுத்து, அதைப் பல முறை திருத்தியிருக்கிறார்கள். இதே மாதிரி தோற்றம் காட்டுகிற வேறு நோய்களும் உண்டு. அதில் முக்கியமானது என்எம்ஓ, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிற இன்னொரு நோய். அதற்கு அக்வாபொரின்-4 ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கூடவே மோக் ஆன்டிபாடியும் பார்ப்பார்கள். இந்த டெஸ்ட்களை எடுத்தாகிவிட்டதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எம்எஸ்ஸுக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரான், ஃபின்கோலிமாட் போன்ற மருந்துகள் என்எம்ஓ உள்ளவருக்கு நோயைக் கூட்டிவிடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பி12 குறைவு, காசநோய், லூபஸ் இவற்றையும் விலக்கிவிட்டுத்தான் எம்எஸ்ஸுக்கு வர வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொன்னால் வீட்டில் பெரிய பயம் கிளம்பும், கால் விளங்காமல் போய்விடும் என்பார்கள். போகாது. தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பைல் போடுங்கள், இன்றைக்கே. எம்ஆர்ஐ அறிக்கை மட்டும் போதாது, சிடியும் வேண்டும், அடுத்த வருஷம் எடுப்பதை இதோடு ஒப்பிட்டால்தான் புதுப் புள்ளி வந்திருக்கிறதா என்று தெரியும். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்கேன் சென்டரில் எடுங்கள். பைலின் முதல் பக்கத்தில், எந்த மாதம் என்ன ஆனது, என்ன மருந்து, எத்தனை நாளில் சரியானது என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். அவசரத்தில் புது டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நமக்கு ஒன்றும் ஞாபகம் வராது.

படி 2: இரண்டு வகை மருந்துகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வகை, தாக்குதல் வந்தபோது கொடுப்பது. மெத்தில்பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டை வழக்கமாகத் தினம் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சீக்கிரம் தேற இது உதவும், அடுத்த தாக்குதலை இது தடுக்காது. சர்க்கரை ஏறும், தூக்கம் வராது, வயிறு எரியும், சிலருக்கு மனசு தாறுமாறாக ஆடும். முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி நீங்களாகச் சாப்பிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வகைதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. தாக்குதல் வராமல் தடுக்க, ஒன்றும் இல்லாத நாட்களிலும் விடாமல் எடுக்கிற மருந்து. 1993இல் அமெரிக்காவில் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்தது, அதற்கு முன் இப்படி ஒரு மருந்தே கிடையாது. இன்று மாத்திரை, ஊசி, ட்ரிப்ஸ் என்று நிறைய வந்துவிட்டன. டெரிஃப்ளூனமைடு, டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரைகள் இந்தியக் கம்பெனித் தயாரிப்பாகவே கிடைக்கின்றன. ரிடுக்ஸிமேப் ரத்தப் புற்றுநோய்க்கு என்று வந்த மருந்து, எம்எஸ்ஸுக்கும் நன்றாக வேலை செய்வதாலும், புதிய விலையுயர்ந்த மருந்துகளைவிடச் செலவு குறைவு என்பதாலும் இங்கே பல டாக்டர்கள் அதைத் தருகிறார்கள், பெரும்பாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை.

எந்த மருந்து என்பது டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் கொண்டுபோக வேண்டும். டெரிஃப்ளூனமைடு என்றால் முதல் 6 மாதம் மாதாமாதம் ஈரல் டெஸ்ட் உண்டா? ஃப்யூமரேட் என்றால் முகம் சிவந்து எரிவதைக் குறைக்கச் சாப்பாட்டோடு எடுக்கலாமா, ரத்த அணு எண்ணிக்கை எப்போது பார்க்க வேண்டும்? ஃபின்கோலிமாட் என்றால் முதல் மாத்திரை போடும் அன்று 6 மணி நேரம் இதயத் துடிப்பைக் கவனிக்க ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமே, அதற்கு ஏற்பாடு என்ன? ரிடுக்ஸிமேப் என்றால் ஹெபடைடிஸ் பி, காசநோய் டெஸ்ட் முடிந்ததா, தடுப்பூசிகளை முன்பே போட்டுவிட வேண்டுமா? காசநோய் சர்வசாதாரணமாக இருக்கிற ஊரில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துக்குப் போகிறோம், இதைக் கேட்காமல் போகக்கூடாது.

இன்டர்ஃபெரான் போட்டுக்கொள்பவர்களுக்கு: ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஆறேழு மணி நேரம் வெயிலில் போவதற்கு ஐஸ் பேக் போட்ட சின்னப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். காய்ச்சல் மாதிரி உடம்பு முறிக்கும், ராத்திரி படுக்கும் முன் பாரசிட்டமாலோடு போட்டால் அந்த நேரம் தூக்கத்தில் போய்விடும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம், ஒரு வருஷம் ஒன்றும் இல்லாமல் ஓடியதும் "அதான் சரியாயிருச்சே, எதுக்கு இவ்வளவு காசு" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். உங்கள் மனசே சொல்லும். ஒன்றும் இல்லாமல் ஓடுகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஃபின்கோலிமாட், நாடலிசுமேப் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான தாக்குதல் வரலாம். காசு கட்டுப்படியாகவில்லை என்றால் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், விலை குறைந்த வேறு வழி பல நேரம் இருக்கும்.

குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். டெரிஃப்ளூனமைடு கருவுக்கு ஆகாது, நிறுத்திய பிறகும் 2 வருஷம் வரை உடம்பில் தங்கக்கூடியது, அதை வெளியேற்ற வேறு மருந்து தருவார்கள். கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில், தாக்குதல் குறையும், பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில் கூடும். அம்மா வீட்டில் இருக்கும் அந்த நாட்களுக்குக் கூடுதல் ஆள் துணையை முன்பே பேசி வையுங்கள்.

படி 3: இது வெயிலா, தாக்குதலா?

மதுரையில் எம்எஸ்ஸோடு வாழ்கிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். உறை அரிபட்ட நரம்பில், உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே செய்தி தட்டுத் தடுமாறும். 1890இல் வில்ஹெல்ம் உட்தோஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர், உடற்பயிற்சி செய்ததும் நோயாளிகளின் பார்வை மங்குவதை எழுதி வைத்தார். எம்ஆர்ஐ வருவதற்கு முன்பு நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே நோயைச் சந்தேகித்தார்கள். அந்த வெந்நீர்த் தொட்டிக்குப் பதில் நமக்கு மே மாதம் இருக்கிறது.

சித்திரைத் திருவிழாக் கூட்டம், அதைத் தொட்டு அக்னி நட்சத்திரம், 40 டிகிரியை எட்டுகிற பகல். பழைய மரமரப்பு திரும்ப வரும், நடை தள்ளாடும், கண் மங்கும். பயந்துபோய் ஸ்டீராய்டு ஏற்றிக்கொள்ளக் கிளம்பாதீர்கள். முதலில் நிழலுக்கு வந்து, குளிர்ந்த நீர் குடித்து, ஈரத் துண்டைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் போட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள். உடம்பு ஆறியதும் பழைய நிலைக்கு வந்தால் அது சூட்டின் வேலை. புதுச் சேதம் எதுவும் நடக்கவில்லை.

தாக்குதல் என்பது வேறு. புதிய அறிகுறியோ, பழையது மிகவும் கூடியதோ, 24 மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் இருக்க வேண்டும், காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை மறக்காதீர்கள். சளிக் காய்ச்சல், டெங்கு, அதைவிட முக்கியமாக மூத்திரத் தொற்று, இவை சத்தமில்லாமல் வந்து தாக்குதல் போலவே வேஷம் போடும். அதனால் டாக்டர் முதலில் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள், அதுதான் சரியான வரிசை. தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்றுதான் பெருகும்.

வெயில் காலத்துக்கென்று நான் கடைப்பிடிக்கிறவை: வெளிவேலை காலை 9 மணிக்குள் அல்லது மாலை 6 மணிக்கு மேல். நடைப்பயிற்சி விடிகாலையில், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி, வழியில் எங்கே உட்காரலாம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு. மீனாட்சி கோயிலுக்கு மத்தியானத்தில் போவதில்லை, வெறுங்காலில் அந்தக் கல்லின் சூடு யாருக்குமே ஆகாது, பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வெந்துபோனதே தெரியாது. தலைக்குக் குளிப்பது பச்சைத் தண்ணீரில். ஓட்டுவீட்டிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையிலும் இருப்பவர்கள் பகலில் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுங்கள், முடிந்தால் ஒரே ஓர் அறைக்காவது ஏசி போடுங்கள். எம்எஸ் வீட்டில் ஏசி மருந்துச் செலவில் சேர்ந்தது, ஆடம்பரம் என்று யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 4: தெம்பை எண்ணிச் செலவழியுங்கள்

எம்எஸ் அலுப்பு, வேலை செய்து களைத்துப் போகும் அலுப்பு இல்லை. தூங்கி எழுந்த அரை மணியிலேயே வந்து உட்காரும். வெளியே ஒன்றும் தெரியாததால் யாருக்கும் புரியாது. "ஏத்தா, நல்லாத்தான நடமாடுற, அப்புறம் என்ன அலுப்பு?" என்று எங்கள் அத்தாச்சி கேட்பார். அவர் மேல் தப்பில்லை, கண்ணில் படாததை எப்படி நம்புவது?

ஒன்றுவிட்ட ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் பிடித்து வைத்த குடங்களை எப்படிப் பார்த்துப் பார்த்து மொண்டு செலவழிப்போமோ, அப்படித்தான் தெம்பையும் செலவழிக்க வேண்டும். ஒரு வாரம் மணிவாரியாக எழுதிப் பாருங்கள், எந்த நேரத்தில் உடம்பு ஓடுகிறது, எந்த நேரத்தில் விழுகிறது என்று. பல பேருக்குப் பிற்பகலில் சூடு ஏறும்போது விழும். கடினமான வேலையைக் காலைக்குத் தள்ளுங்கள். காய் நறுக்குவதை, மாவு பிசைவதை, துணி மடிப்பதை உட்கார்ந்து செய்யுங்கள், அடுப்படியில் ஓர் உயரமான ஸ்டூல் போட்டால் பாதி அலுப்பு மிச்சம். விசேஷ வீட்டுக்குப் போகும் நாளுக்கு முந்தின நாளும் மறுநாளும் வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முடியாமல் போன பிறகு படுப்பதைவிட, முடியும்போதே பதினைந்து நிமிடம் படுத்து எழுந்தால் மீதி நாள் கிடைக்கும்.

அலுப்பு எல்லாவற்றையும் எம்எஸ் தலையில் கட்டிவிடாமல் ரத்தசோகை, தைராய்டு, பி12, விட்டமின் டி பார்த்துவிடுங்கள். விட்டமின் டி குறைவாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் 60,000 யூனிட் பாக்கெட்டை வாராவாரம் கணக்கில்லாமல் நீங்களாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வேறு தொல்லை வரும்.

படி 5: கால், மூத்திரம், குளியலறை

பிசியோதெரபியை விழுந்த பிறகு தொடங்காதீர்கள். நன்றாக நடக்கும்போதே ஒரு முறை போய், உங்கள் கால் எங்கே பலவீனம், எங்கே இறுக்கம் என்று பார்த்து வீட்டில் செய்யும் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி, மேலூர் பக்கக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் அதில் உண்டு. கால் இறுக்கத்துக்கு பேக்லோஃபென் சாப்பிடுபவர்கள் அதை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மூத்திரத் தொல்லையை வெளியே சொல்ல, அதுவும் நம் வீட்டுப் பெண்கள், வெட்கப்பட்டே வருஷங்களை ஓட்டுகிறார்கள். அடக்க முடியாமல் வருவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது, இரண்டுக்கும் மருந்தும் வழியும் இருக்கிறது. மூத்திரப் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சின்னக் குழாய் போட்டு நாமே எடுத்துவிடக் கற்றுத் தருவார்கள், கேட்கும்போது பயமாக இருக்கும், பழகினால் பஸ் பயணமே சுலபமாகிவிடும். செய்யக்கூடாதது, வெளியே போவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. மதுரை வெயிலில் அது தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் நேர்வழி.

வீட்டில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான்: குளியலறையில் வழுக்காத தரையும் கைப்பிடிக் கம்பியும், உட்காரும் வகைக் கழிப்பறை, ராத்திரி ஒரு சின்ன விளக்கு, பின்பக்கம் வார் உள்ள செருப்பு. மரத்த காலிலிருந்து ஹவாய் செருப்பு நழுவுவது தெரியாது.

படி 6: வீட்டில் பேசுங்கள்

இது தொற்றாது. சாபமும் இல்லை, யாரும் வைத்ததும் இல்லை. ஏன் எனக்கு என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடையாது. 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடி பேருடைய ரத்த மாதிரிப் பதிவுகளை ஆராய்ந்து, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் கண்டார்கள். ஆனால் உலகில் பெரும்பாலான பெரியவர்கள் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது, எம்எஸ் வருவது மிகச் சிலருக்கு. ஆக நீங்கள் செய்த, செய்யாத எதற்கும் கிடைத்த தண்டனை இல்லை இது. பரம்பரை என்று பயப்படுபவர்களுக்கு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு மூன்று என்ற அளவுதான். கல்யாணப் பேச்சில் மறைக்காதீர்கள். மருந்து எடுக்கிற, டாக்டரிடம் போகிற வாழ்க்கையை மறைத்து நடத்த முடியாது, மறைக்க வேண்டியிருந்தால் முதலில் நின்றுபோவது மருந்துதான்.

சொந்தக்காரர்கள் எண்ணெய், கசாயம், பஸ்பம் என்று கொண்டுவருவார்கள், அன்பில்தான். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி வரும் எதையும் யோசிக்காமல் வாங்காதீர்கள், இங்கே பிரச்சினையே எதிர்ப்பு சக்தி தவறான பக்கம் திரும்பியதுதான். என்ன கலந்தது என்று தெரியாத பொடி ஈரலைப் பாதிக்கலாம், உங்கள் மாத்திரையும் ஈரலைத்தான் சோதிக்கிறது. வெளியே பூசும் எண்ணெயும் மிதமான யோகாவும் யாருக்கும் கெடுதல் இல்லை. புகை பிடிப்பவர்கள் விட்டே ஆக வேண்டும், நோய் வேகமாக முற்ற அது காரணமாகிறது.

மனச்சோர்வு எம்எஸ்ஸில் மிகவும் சகஜம். வருத்தத்தினால் மட்டும் வருவதில்லை, மூளையில் நடக்கும் மாற்றத்தாலும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், சாக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். தமிழக அரசின் 104 எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 1985இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. இதே நோயுள்ள இன்னொருவரிடம் பேசினால் எதையும் விளக்க வேண்டியிருக்காது, அந்த ஆறுதல் பெரிது.

படி 7: தாள்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட 21 வகைகளில் எம்எஸ் இருக்கிறது. இதை அறியாமல் "கை கால் இருக்கே" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு, நானும் கேட்டிருக்கிறேன் அந்த வார்த்தையை. சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், நிற்கும். இ-சேவை மையத்தில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போகும்போது எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் சம்மரி, நரம்பியல் டாக்டரின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். நடையை மட்டும் காட்டாமல் பார்வை, மூத்திரம், அலுப்பு எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பாதிப்பு அதிகம் உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தண்டுவட மரப்பு நோய்க்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை என்று கேளுங்கள், நோயின் பெயரை அப்படிச் சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிபடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரித்துவிடுங்கள், அட்மிஷன் போட்ட பிறகு கேட்டால் அலைச்சல்.

அரசு வேலையில் இருப்பவர்கள் பயந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையிலிருந்து எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தனியாரில் இருப்பவர்கள் கேட்க வேண்டியதைச் சின்னதாகக் கேளுங்கள்: கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கை, வெயிலுக்கு முன் வந்து முன்னதாகக் கிளம்பும் நேரம், மத்தியானம் பதினைந்து நிமிடம் ஓய்வு. சான்று தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அது முடிகிற தேதியை பைலின் முதல் பக்கத்திலும் வீட்டுக் காலண்டரிலும் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போய்விடுங்கள்.